நல்ல காலை முதல்ல காட்டுங்க

மேடத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் கோயம்புத்தூரிலிருந்து போன் வரும். அந்தப் போனில் முதல் அரைமணி நேரம் எனக்குப் பேச வாய்ப்பே கிடைக்காது. மதுரையில் கால் பிசகியவர்கள் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். தெரியாதவர்களுக்குக் கால் இன்னும் சரியாகப் பிசகவில்லை என்று அர்த்தம்.

நான் ஆனையூர்க்காரன். கல்யாணமாகி, தலைமுடி பின்வாங்கத் தொடங்கிய வயதில் அந்த ஸ்கேன் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். முன்மேசையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பதும், உள்ளேயிருந்து மேடம் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிப்பதும் என் வேலை. எனக்கும் கட்டிலுக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணி தொங்கும். அது கண்ணுக்குத்தான் மறைவு, காதுக்கு இல்லை; ஓரத்து இடுக்கு வழியாகக் கண்ணும் அவ்வப்போது போய்வரும். வயிற்றைப் பார்க்க வேறு டாக்டர் இருந்தார். மேடத்துக்கு மூட்டுகள். அதிலும் கரண்டைக்கால், அதாவது கணுக்கால், என்றால் தனிப் பிரியம். வந்தவரின் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது. கரண்டையைப் பார்த்த பிறகுதான் "அட, நீங்களா?" என்பார்.

யாராவது வீங்கிய காலைத் தூக்கிக் கட்டிலில் வைத்து முகத்தைச் சுளித்துக்கொண்டு படுத்தால், மேடம் அந்தக் காலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"நல்ல காலை முதல்ல காட்டுங்க."

வந்தவருக்குச் சுருக்கென்று இருக்கும். ஆட்டோ பிடித்து, நொண்டியடித்துப் படியேறி வந்தது இதற்கா?

"மேடம், வலி இதுலதான்."

"தெரியுதுண்ணே. அது எங்கயும் ஓடிராது. ஓடுற நெலமையிலயா இருக்கு? நல்லதைக் காட்டுங்க."

பிறகு நல்ல காலில் ஜெல்லைப் பிதுக்கி, கைக்கு அடக்கமான அந்தக் கருவியை வைத்து மேலும் கீழும் நகர்த்துவார். மானிட்டரில் இரண்டு எலும்புக்கு நடுவே வெள்ளைக் கோடுகளாக ஒரு பட்டை தெரியும். அதுதான் ஜவ்வு. கால் பெரண்டால் முதலில் அடி வாங்குவது அதுதான்.

"ஜவ்வு ஆளுக்கு ஆள் மாறும்ப்பா," என்று என்னிடம் ஒருமுறை விளக்கினார். "ஒருத்தருக்குத் தடியா இருக்கும், ஒருத்தருக்கு நூலா இருக்கும். மெசினும் லேசுப்பட்டது இல்ல. கை கொஞ்சம் சாஞ்சுச்சுன்னா நல்ல ஜவ்வையே கருப்பாக் காட்டும், அறுந்துபோன மாதிரி. அந்த ஆளோட நல்ல காலைப் பாத்தாத்தான் கெட்ட காலு எம்புட்டுக் கெட்டுருக்குன்னு சொல்ல முடியும்."

இந்த விதி ஒரே ஒருவரிடம் முட்டி நின்றது. கப்பலூரில் பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப்போனவர். மிச்சமிருந்த ஒரு காலும் பிசகித்தான் எங்களிடம் வந்தார். இனி அவர் தானாக நடப்பாரா, அடுத்தவர்கள் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்குமா என்பதை மேடம் சொல்ல வேண்டியிருந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் மேடத்திடம் வேலை பார்த்த தோஷம், நல்ல காலை முதலில் காட்டாமல் எதையும் ஆரம்பிக்க வருவதில்லை.

எங்கள் ஊர் ஆட்களுக்கு ஸ்கேன் என்றால் வயிறு. வயிறு என்றால் தண்ணீர். மூத்திரப்பை நிறைந்தால்தான் ஸ்கேனில் தெரியும் என்று யாரோ எப்போதோ சொன்னதை ஊரே பிடித்துக்கொண்டது. கால் பிசகியவர்களும் வாட்டர் பாட்டிலோடு வந்து உட்கார்ந்து மடக் மடக்கென்று குடிப்பார்கள். "கரண்டைக்குத் தண்ணி வேண்டாங்க" என்று நான் சொன்னால் நம்ப மாட்டார்கள். டோக்கன் கொடுக்கிறவனுக்கு என்ன தெரியும்? உள்ளே போனதும் மேடம் சொல்வார்: "கரண்டைக்குள்ள மூத்திரப்பை இல்லண்ணே. மொதல்ல போயி ஒண்ணுக்கு இருந்துட்டு வாங்க."

கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்ல மாட்டோம் என்று சட்டப்படி வாசலில் ஒரு போர்டு தொங்கியது. அதைப் படித்துவிட்டு வந்த ஒரு குறும்புக்காரர், கரண்டையில் ஜெல் தடவியதும், "ஆணா பொண்ணா மேடம்?" என்றார். மேடம் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா என்னை உள்ள வச்சிருவாங்கண்ணே. ஆனா ஒண்ணு, அப்பன் ஜாடைதான். நல்லா வீங்கியிருக்கு."

இன்னொரு நாள் ஒரு ஆபீஸ் குமாஸ்தா வந்தார். வலது காலில் தொடை வரைக்கும் கட்டு. இத்தனை கட்டுக்கு அந்தக் கால் உடைந்து நாலாகப் போயிருக்க வேண்டும். மெடிக்கல் லீவுக்கு ஒரு ரிப்போர்ட் வேண்டுமாம். மேடம் வழக்கம்போல "நல்ல காலை முதல்ல காட்டுங்க" என்றார். மனிதருக்கு என்ன பதற்றமோ, கட்டுப் போட்ட காலையே தூக்கி நீட்டிவிட்டார். மேடம் இரண்டு காலையும் தட்டிப் பார்த்தார். பிறகு, "ஏப்பா, ரிப்போர்ட் டைப் பண்ணிக்க. நோயாளியே சொல்லிட்டாரு, ரெண்டும் நல்ல காலு," என்றார்.

இந்தப் புத்தி கட்டிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. காத்திருக்கும் ஹாலில் ஒரு ஏ.சி. ஓடவில்லை என்று மெக்கானிக்கை வரவழைத்தோம். "உள்ள ஓடுற ஏ.சி.யை முதல்ல கழட்டிப் பாருப்பா, அது எப்பிடி ஓடுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு இதுக்கு வா," என்றார் மேடம். அவன் எத்தனையோ சொல்லிப் பார்த்தான். கடைசியில் கழற்றினான். மாட்டியபின் அதுவும் ஓடவில்லை. அந்தச் சித்திரை மாதம் முழுக்க நாங்கள் விசிறிக்கொண்டே ரிப்போர்ட் கொடுத்தோம். தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்திலும், "பையனுக்குக் கூடப் பொறந்தவுக உண்டா? அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க, ஒப்பிட்டுப் பாக்கணும்," என்றாராம். அண்ணன்காரன் வந்தான். மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பெரியவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்று கேட்டதோடு அந்தச் சம்பந்தம் முறிந்தது.

அவரைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்றைத் திருமங்கலத்துக்காரம்மா ஒருத்தர் வந்து போட்டு உடைத்தார். வெங்காய மண்டி நடத்துகிறவர், குரலும் அதற்குத் தக்கபடி. தோள்பட்டையில் பிடிப்பு என்று வந்தார். நல்ல தோளும் பார்த்தாயிற்று, வலிக்கிற தோளும் பார்த்தாயிற்று, இரண்டிலும் ஒன்றுமில்லை. எழுந்து சேலையைச் சரிசெய்தவர் மேடத்தை உற்றுப் பார்த்தார்.

"நீ வாத்தியார் வீட்டு மூத்த பொண்ணுல்ல? காலு முன்ன பொறந்தவ?"

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது.

"எங்க அப்பாவுக்கு நீதான மிதிச்சே? அதுக்கப்பறம் அவருக்கு முதுகுவலின்னு ஒண்ணு வந்ததே இல்ல. எனக்கும் மூணு மிதி மிதிச்சுவிடு. பெறகு எதுக்கு இந்த மெசினு?"

பிறக்கும்போது தலைக்குப் பதில் கால் முதலில் வந்த பிள்ளை மிதித்தால் சுளுக்குப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. இருபது மைல் சுற்றளவில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் அந்த வீட்டு வாசலில் கூட்டம் நிற்கும்.

"அக்கா, நான் எம்.டி. படிச்சிருக்கேன்," என்றார் மேடம்.

"படிச்சா காலு மாறிருமா?"

 "ஏப்பா, அந்த ஹால் கதவைச் சாத்து," என்று எனக்குக் குரல் வந்தது. பிறகு மெதுவாக மூன்று சத்தம் கேட்டது. வெளியே வந்த அம்மா கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றிக் காட்டிவிட்டுப் போனார். மறுவாரம் இரண்டு பெண்கள் வந்து, "மிதிக்கிற டாக்டரம்மா இருக்காகளா?" என்று கேட்டார்கள். நான் உள்ளே எட்டிப் பார்த்து, "மேடம், ஸ்கேனா மிதியா?" என்றேன். மேடம் கையில் கிடைத்த ஜெல் பாட்டிலை எறிந்தார். நல்லவேளை, அது காலி.

அன்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே சொன்னார். "காலையில பள்ளிக்கூட யூனிபார்மோட நிப்பேன். வரிசையாக் குப்புறப் படுத்திருப்பாக. மிதிச்சுட்டுத்தான் பஸ் ஏறணும். அஞ்சாப்பு படிக்கயிலயே எனக்கு ஓ.பி. கூட்டம்ப்பா." சொல்லிவிட்டு அவர் எழுந்து படியிறங்கினார், வழக்கம்போலப் பக்கவாட்டில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. ஏன் மேடம் இப்படி இறங்குகிறீர்கள் என்று யார் கேட்டாலும், "செருப்பு சரியில்ல" என்பார். அவருடைய மேசைக்கு அடியில் சரியில்லாத செருப்புகளே ஒரு குவியல் கிடந்தது.

கப்பலூர்க்காரர் வந்தது ஒரு திங்கட்கிழமை, கூட்டம் நிறைந்த நேரம். நாற்பது வயதைத் தாண்டியவர், நல்ல உயரம், தோள்கள் இரண்டும் மல்லனுக்குரியவை. சுவரைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி வந்தார். நான் எழுந்து கையை நீட்டினேன்.

"வேணாம் தம்பி. சொவரு போதும்."

திருமங்கலத்தில் பஸ் நிற்பதற்குள் இறங்கியிருக்கிறார். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தார். ஜவ்வு முழுசாக அறுந்திருந்தால் மாவுக்கட்டு, ஆறு வாரத்துக்குக் கால் தரையில் படக்கூடாது. பாதி மிஞ்சியிருந்தால் காலை இறுக்கிக் கட்டுகிற ஒரு பட்டையும் ஊன்றுகோலும் போதும், மெதுவாக நடக்கலாம். கட்டிலில் ஏறிப் படுக்கும்வரை அவர் யார் கையையும் தொடவில்லை.

"நல்ல காலை முதல்ல காட்டுங்கண்ணே," என்றார் மேடம், வழக்கமான குரலில்.

"இதுதான் மேடம் நல்ல காலு."

"வீங்கிக் கெடக்கே?"

"வீங்கியிருந்தாலும் இதுதான் நல்லது. அந்தக் காலு சும்மா கூட வாரது."

மேடம் அந்த இன்னொரு பேன்ட் காலை மேலே தூக்கிப் பார்த்திருக்க வேண்டும்.  

கப்பலூர்க்காரர்தான் தொடர்ந்தார். "மத்தவுகளுக்கு மாவுக்கட்டுன்னா ஒரு காலுதான் போச்சு மேடம். எனக்கு ரெண்டும் போச்சு. எங்க அம்மா என்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோச்சு, எனக்கு மீசை முளைக்கிற வரைக்கும். பசங்க எல்லாம் சிரிப்பாங்ய. அதுக்கப்பறம் ஒருத்தரையும் தூக்கவிட்டதில்ல. இப்ப மாடியில குடியிருக்கேன். வயசுக்கு வந்த மக இருக்கா. அவ முன்னால என்னைக் கக்கூசுக்குத் தூக்கிட்டுப் போறதை நெனச்சாலே..." 

மேடம் கருவியை வைத்தார். நகர்த்தினார். சாய்த்தார், நிமிர்த்தினார். சூம்பிய காலிலும் வைத்துப் பார்த்தார். அதில் ஜவ்வு நூலிழையாக ஓடியது, ஒப்பிட உதவாது. மறுபடி வீங்கிய காலுக்கு வந்தார்.

"கருப்பாத் தெரியுதுண்ணே. அறுந்ததால கருப்பா, வீக்கத்தால கருப்பான்னு தெரியல. ஒங்க ஜவ்வு முன்னால எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒரு நிமிசம் பொறுங்க."

"மேடம், கொஞ்சம் சீக்கிரம் பாத்தீங்கன்னா..."

"அவசரப்படக் கூடாதுண்ணே."

"அவசரம் காலுக்கு இல்ல மேடம். ரெண்டு பாட்டிலு குடிச்சிருக்கேன்."

ஹாலில் அத்தனை பேரும் பார்க்க, அவர் சுவரைப் பிடித்துக் கழிவறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். திரும்பிப் பார்க்காமலே, "தம்பி, வராதீங்க," என்றார். உள்ளே ஏதோ வாளி உருண்டது. நானும் போகவில்லை, மற்றவர்களும் போகவில்லை. திரும்பி வரும்போது சட்டை வியர்வையில் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. 

அவர் மறுபடி படுத்ததும் மேடம் தன் வலது செருப்பை உதறினார். ஸ்டூலில் உட்கார்ந்தபடியே பாதத்தைத் தூக்கி, கட்டிலில் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"என்ன மேடம் இது?" மனிதர் பதறி எழப் பார்த்தார்.

"படுங்கண்ணே. ஒங்களுக்கு நல்ல காலு இல்லேல்ல? இதை வச்சுப் பாப்போம். ஊருக்கெல்லாம் சுளுக்கெடுத்த காலு இது."

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பச்சைத் துணியை விலக்கிப் பார்த்தேன். மேடம் தன் கரண்டையில் ஜெல்லைப் பூசிக் கருவியை வைத்தார். மானிட்டரில் எலும்பு தெரிந்தது. எதிர் எலும்பு தெரிந்தது. நடுவில் ஒன்றுமில்லை. கையைச் சாய்த்தார். ஒன்றுமில்லை. நிமிர்த்தி, துடைத்து, புது ஜெல் போட்டு மறுபடி வைத்தார். வெள்ளைப் பட்டை இருக்க வேண்டிய இடம் கருப்பாகக் கிடந்தது, ஓரத்தில் எலும்புச் சில்லு ஒன்று மட்டும்.

"அட சனியனே," என்றார் மேடம், தன் காலைப் பார்த்து.

பிறகு சிரிக்கத் தொடங்கினார். கப்பலூர்க்காரர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். மேடத்துக்குச் சிரிப்பு அடங்க நேரமானது.

"ஒருநா ஒருத்தரை மிதிக்கும்போது அவரு பெரண்டுட்டாரு. நான் விழுந்தேன். காலு இம்புட்டுப் பெருசா வீங்கிருச்சு. எங்க வீட்டுல ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. காலு முன்ன பொறந்தவளுக்குச் சுளுக்கு எப்பிடி வரும்னுட்டாக. நானும் சரின்னுட்டேன். டாக்டரான பெறகும் சரின்னுட்டேன் பாருங்க, அதைச் சொல்லணும்."

"முழுசா அறுந்துருக்கா மேடம்?" என்றார் கப்பலூர்க்காரர்.

"முழுசா."

"அப்ப எப்பிடி இம்புட்டு நாளு நடந்தீங்க?"

மேடம் தன் கரண்டையிலிருந்த ஜெல்லைத் துடைத்தார். கப்பலூர்க்காரர் முகத்தில் அன்று முதன்முதலாக ஒரு வெளிச்சம். "அப்ப முழுசா அறுந்தாலும் நடக்கலாம்?"

"என்னைப் பாத்துக் கெட்டுப்போகாதீங்கண்ணே. ஏப்பா, அங்க என்ன வேடிக்கை? நீ இவரு உசரம்தான இருப்ப? உள்ள வா. செருப்பைக் கழட்டு."

என் பாதங்களைப் பற்றி நான் பெருமைப்பட்டதே இல்லை. நகம் வெட்டி நாளாகியிருந்தது, குதிகாலில் வெடிப்பு. மேடம் அதையெல்லாம் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்காரவைத்து ஜெல்லைப் பூசினார். சில்லென்றது. மானிட்டரில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் பட்டை ஓடியது, வாரிவிட்ட தலைமுடிபோல வரிவரியாக.

"பாருங்கண்ணே. இதுதான் நல்லது. இப்ப இழுக்கேன்." என் குதிகாலைப் பிடித்து முன்னால் இழுத்தார். பட்டை விறைத்து நின்றது. "பிடிக்குதா? அடுத்து ஒங்களுது. வலிச்சா சொல்லுங்க."

என் காலைப் பார்த்த அதே சாய்மானத்தில் கருவியை அவர் காலில் வைத்தார். மேலே கருப்பு. கருப்புக்கு அடியில், கண்ணைச் சுருக்கிப் பார்த்தால், சில வெள்ளை வரிகள். மேடம் மெல்ல இழுத்தார். அந்த வரிகள் விறைத்தன, நின்றன. மறுபடி என் கால், மறுபடி அவர் கால். எத்தனை தடவை என்று தெரியாது, எனக்கே கரண்டை வலிக்கத் தொடங்கியது.

"மேல் பாதி போச்சு. கீழ் பாதி இருக்கு," என்றார் மேடம். "இருக்குறது பிடிக்குது. அடுத்தவன் காலோட ஒப்பிட்டுச் சொல்றேன், அதனால எலும்பு டாக்டர்கிட்ட நானே பேசுறேன். ஆனா மாவுக்கட்டு வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

கப்பலூர்க்காரர் அண்ணாந்து கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தார். கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. துடைக்கவில்லை.  காலில் ஜெல்லோடு மேசைக்கு ஓடி ரிப்போர்ட்டை டைப் செய்ய உட்கார்ந்தேன். மறுகாலோடு ஒப்பிட்டது என்று எப்போதும் ஒரு வரி வரும். "மேடம், எதோட ஒப்பிட்டதுன்னு போட?" என்று கேட்டேன்.

"உள்ளதைப் போடு. சென்டர்ல வேலை பாக்குற ஆளோட காலுன்னு போடு. வெடிப்பு இருக்குறதைப் போடாத."

எலும்பு டாக்டரும் தன் பங்குக்கு இழுத்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். பட்டை போட்டார்கள். கப்பலூர்க்காரர் ஊன்றுகோலோடு தானாகவே படியிறங்கினார். சில மாதம் கழித்துத் திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில், ஓடுகிற பஸ்ஸிலிருந்து நான் குதிக்கப் போனபோது கீழேயிருந்து ஒரு அதட்டல் வந்தது.

"ஏ மாப்ள, பாத்து எறங்கு. அது என் காலு."

நின்றபின் இறங்கினேன். கப்பலூர்க்காரர் சிரித்துக்கொண்டு சாய்ந்து சாய்ந்து கம்பெனி வண்டியை நோக்கி நடந்தார். அன்றிலிருந்து ஓடுகிற பஸ்ஸில் நான் ஏறியதுமில்லை இறங்கியதுமில்லை.

மேடத்திடம் மாறியது ஒரே ஒரு சொல். அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு "நல்ல காலை" என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. "வலிக்காத காலை முதல்ல காட்டுங்க" என்பார். மற்றபடி தன் காலுக்கு ஒரு பட்டை வாங்கினார், ஒரு வாரம் போட்டார், செருப்புக் குவியலில் எறிந்தார். வெங்காய மண்டியம்மா மறுபடி மிதிக்கு வந்தபோது, "அக்கா, என் காலே அறுந்த காலு," என்று சொல்லிப் பார்த்தார். "காலு அறுந்தா என்ன, ராசி அறுந்துருமா?" என்று அந்த அம்மா குப்புறப் படுத்துவிட்டார்.

சென்டர் பிறகு கை மாறியது. நான் ஆனையூரில் ஜெராக்ஸ் கடை போட்டேன். வருஷங்கள் போயின. மேடம் கோயம்புத்தூருக்கு மகள் வீட்டோடு போவதற்கு முந்தின மாதம் ஒருநாள் போன் வந்தது. வீட்டுப் படியில் விழுந்துவிட்டாராம். வேறொரு சென்டரில் ஸ்கேனுக்குப் படுத்திருக்கிறாராம். வலது காலில் ஆபரேஷன் பண்ணுவதா வேண்டாமா என்று இன்று முடிவாகும்.

"சின்னப் பையன்ப்பா, புது டாக்டர். நேரா வலிக்கிற காலுக்கே போனான். நான் விடல. வலிக்காத காலை முதல்ல பாருங்கன்னேன். பாத்தான். இடதும் போச்சுங்குறான். உள்ள நீர் கோத்து, ஜவ்வெல்லாம் பிஞ்சு கெடக்காம். அம்புட்டு வருசமும் ரெண்டு காலு வேலையை அதுதான பாத்துருக்கு." சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "எனக்கு ஒப்பிட ஒண்ணும் இல்லப்பா."

 மேடம் பயப்படுவார் என்று நான் நினைத்ததே இல்லை. அது பயம்தான், போனிலேயே தெரிந்தது.

"ஆனையூர்லருந்து இங்க வர எம்புட்டு நேரமாகும்?"

"இந்தா வாரேன் மேடம்," என்றேன்.

கடையை அப்படியே சாத்தினேன். வீட்டுக்குள் போய்க் காலைத் தேய்த்துக் கழுவினேன், நகம் வெட்டினேன். மனைவி, "யாரு கல்யாணத்துக்கு?" என்றாள்.

அந்த சென்டரில் மேடம் கட்டிலில் படுத்திருந்தார். நரைத்துப்போய், சின்னதாகிப் போயிருந்தார். முகத்தைப் பார்த்தவுடன் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, வலது காலைத் தூக்கி அவர் காலுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் கரண்டையைப் பார்த்தார். "அட, நீயா?" என்றார்.

சின்ன டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாரு மேடம் இவரு? உங்க மகனா?"

"இல்ல," என்றார் மேடம். "என் நல்ல காலு."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜெல் பாட்டிலை எடுத்து, என் கரண்டையில் முதலில் பிதுக்கினார்.